அம்மோனியா இறங்கவில்லை, நைட்ரைட் ஏறவில்லை: குமுளியில் புதுத் தொட்டி, உதவி வேண்டும்

குமுளி ஏலக்காய்:
அண்ணன்மாரே, இரண்டரை அடித் தொட்டி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. 100 லிட்டர் பக்கம் பிடிக்கும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆற்று மணல், தேயிலைத் தோட்டத்தில் பிடுங்கிப் போட்டிருந்த ஒரு வேர்க்கட்டை. மீன் என்று பார்த்தால் ஆறேழு சீப்ரா டேனியோ மட்டும்தான். தண்ணீர் மேட்டிலிருந்து ஓஸ் வழியாக வரும் ஊற்றுத் தண்ணீர், குளோரின் கிடையாது.

சொட்டு டெஸ்ட் கிட்டில் அம்மோனியா குழாய் நல்ல பச்சை, 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்). நைட்ரைட் குழாய் வான நீலத்தை விட்டு அசையவில்லை, அதாவது பூஜ்யம். நைட்ரேட் 5. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாட்டில் ஒன்றை முழுசாக ஊற்றியாயிற்று. 4 பிபிஎம்முக்கு மீன் செத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இவை என்னடாவென்றால் தீனி போட்டால் துள்ளிக்கொண்டு மேலே வருகின்றன. கிட் பொய் சொல்கிறதா, பாக்டீரியா செத்துவிட்டதா?

மறையூர் கரும்பு:
வெயிலில் கிடந்த பாட்டிலாக இருக்கும் நண்பா. நல்லதாக இன்னொன்று வாங்கி ஊற்றுங்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

கம்பத்துக்காரன்:
தம்பி, இன்னொரு பாட்டிலுக்குக் காசை விடாதீர்கள். பிஎச் எவ்வளவு, கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட்) எவ்வளவு, காலையில் தண்ணீர் எத்தனை டிகிரி? ஊற்றுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்தும் டெஸ்ட் செய்யுங்கள். கடையில் நீல மருந்து எதுவும் கொடுத்தார்களா?

குமுளி ஏலக்காய்:
பிஎச் குழாய் பளிச்சென்று மஞ்சள், 6.0. கேஎச்சுக்கு நீலம் வந்து பிறகு மஞ்சளாக மாற வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. எனக்கு முதல் சொட்டு விழுந்ததுமே மஞ்சள். இந்தப் பனியில் காலையில் 19 டிகிரி. ஊற்றுத் தண்ணீரில் பிஎச் 6.6, நைட்ரேட் பூஜ்யம். நீல மருந்து மீனோடு சேர்த்தே கொடுத்தார்கள், ஆரம்பத்தில் ஒரு தடவை ஊற்றினேன்.

கம்பத்துக்காரன்:
கிட் பொய் சொல்லவில்லை, பாக்டீரியாவும் சாகவில்லை. ஊற்றில் நைட்ரேட் இல்லை, தொட்டியில் 5 இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? பாக்டீரியா வேலையைத் தொடங்கியிருக்கிறது, பாதியில் நின்றுவிட்டது.

அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்குவது தண்ணீரில் உள்ள கார்பனேட், அதாவது கேஎச். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். கேஎச் 1 என்பதே ஏறக்குறைய 18 மில்லிகிராம்தான். உங்கள் மலைத் தண்ணீரில் அதுவும் கிடையாது. வேர்க்கட்டையின் சாயம் வேறு கொஞ்சம் தின்றிருக்கும். பிஎச் 6.5க்குக் கீழே போனால் இந்தப் பாக்டீரியா மந்தமாகும், 6 பக்கம் வந்தால் கிட்டத்தட்ட நின்றே போகும். உங்கள் கிட்டுக்கு 6க்குக் கீழே காட்டத் தெரியாது, உண்மையில் இன்னும் குறைவாகக்கூட இருக்கலாம். அதற்கு மேல் 19 டிகிரிக் குளிர். இவற்றுக்கு 25 முதல் 30 வரை இருந்தால்தான் சுறுசுறுப்பு.

நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. அதுவும் இந்தப் பாக்டீரியாவைக் கெடுக்கும். நோய் இல்லாத தொட்டியில் அதை எதற்குத்தான் ஊற்றச் சொல்கிறார்களோ!

இங்கே கீழே எங்கள் போர் தண்ணீரில் கேஎச் நிறைய, கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியும். இங்கே எவர் தொட்டி வைத்தாலும் இந்தத் தொல்லை வராது, அதனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

மறையூர் கரும்பு:
அப்போ ஆப்ப சோடாவை ஒரு கை அள்ளிப் போட்டால் வேலை முடிந்ததே?

பீர்மேடு டீச்சர்:
ஐயோ, போட்டுவிடாதீர்கள்! அந்த டேனியோக்கள் உயிரோடு இருப்பதே பிஎச் 6ல் இருப்பதால்தான். அங்கே அம்மோனியா முக்கால்வாசிக்கும் மேல், ஏன், ஏறத்தாழ முழுவதுமே அம்மோனியம் வடிவில் இருக்கும். அதில் விஷம் குறைவு. பிஎச் ஒன்று ஏறினால் விஷ வடிவம் பத்து மடங்கு, இரண்டு ஏறினால் நூறு மடங்கு. ஒரு கை சோடா போட்டால் சாயங்காலத்துக்குள் மீன் மிதக்கும்.

முதலில் தண்ணீர் மாற்றுங்கள். தினமும் கால் பங்கு, அம்மோனியா 1க்குக் கீழே வரும் வரை. பாக்டீரியா போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அது தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீனியையும் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம்தான் சோடா. அரை டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஃபில்டர் ஓரமாக ஊற்றுங்கள், மறுநாள் இன்னொரு அரை, இப்படியே நாலு நாள். 100 லிட்டருக்கு 10 கிராம் போனால் கேஎச் மூன்றுக்குச் சற்று மேலே வரும், அது போதும். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

சோடா உடனடி வைத்தியம்தான். நிரந்தரத்துக்குக் கிளிஞ்சல். கோட்டயம் பக்கம் யாராவது போனால் வேம்பநாட்டுக் காயல் கக்கா ஓடு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். கழுவி, வலைப் பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டால் அமிலம் கூடும்போது தானாகக் கரையும். மாற்றும் தண்ணீரிலும் கேஎச் கிடையாது என்பதால் இது இல்லாமல் முடியாது. 100 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி 26ல் வையுங்கள்.

கம்பத்துக்காரன்:
டீச்சர் சொன்னதுதான் சரியான வரிசை. தம்பி, கேஎச் ஏறினதும் வாருங்கள், என் பழைய தொட்டி ஸ்பாஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன். தொட்டித் தண்ணீரிலேயே முக்கி எடுத்துப் போனால் மலைப்பாதை ஏறும் வரை தாங்கும். காயவும் கூடாது, காற்றுப் புகாமல் அடைபட்டும் கிடக்கக் கூடாது. இப்போதே கொண்டுபோய்ப் போட்டால் உங்கள் அமிலத் தண்ணீரில் அதுவும் தூங்கிவிடும்.

குமுளி ஏலக்காய்:
டீச்சர், அண்ணே, இப்போதைய நிலவரம்: பிஎச் 7.2, கேஎச் நாலாவது சொட்டில் மாறுகிறது, அதாவது 4. அம்மோனியா 0.5க்கு இறங்கிவிட்டது. ஆனால் நைட்ரைட் குழாய் ஊதாவாகி 2 காட்டுகிறது. மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. பயப்பட வேண்டுமா?

பீர்மேடு டீச்சர்:
சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது. முதல் கூட்டம் விழித்துக்கொண்டது, நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் இனிமேல்தான் பெருக வேண்டும். பழைய புத்தகங்களில் அதை நைட்ரோபாக்டர் என்று போட்டிருப்பார்கள். மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998ல் காட்டினார்கள். எதுவானாலும் மெதுவாகத்தான் வளரும்.

மீன் வாயைத் திறப்பது நைட்ரைட்டால்தான், அது ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கிறது. இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, இரண்டு டீஸ்பூன் கல்லுப்பு கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். மாற்றும் வாளித் தண்ணீரில் அந்த அளவுக்கு உப்பும் சோடாவும் சேர்க்க மறக்காதீர்கள்.

கம்பத்துக்காரன்:
கரண்ட் போனால் ஏர் பம்பும் நிற்கும், பேட்டரி பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சைக் கழுவும்போது, மாற்றுவதற்காக வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். மூடியில் துளை போட்ட டப்பா ஒன்று எடுத்து வாருங்கள்.