மில்லின் பெண் சமத்துவ வாதத்தில் முரண் இருக்கிறதா?

கேள்வி:
ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டுவர்ட் மில் 1869-இல் வெளியிட்ட ‘பெண்களின் அடிமைநிலை’ (The Subjection of Women) நூலில், பெண்ணின் இயல்பு இன்னதென்று யாருக்கும் தெரியாது என்கிறார். பிறகு சமத்துவத்தை மட்டும் எந்த அடிப்படையில் கேட்கிறார்?

பதில் 1:
முரண் இல்லைங்க. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி என்று நிறுவ அவர் புறப்படவில்லை. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் அவர் கேள்வி. சுதந்திரத்தைத் தடுப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். மரத்தின் ஒரு பாதியை நீராவியிலும் மறுபாதியைப் பனியிலும் வைத்துவிட்டு, ‘தானாக இப்படி வளர்ந்தது’ என்பதுபோல் இருக்கிறது ‘இயல்பு’ என்ற பேச்சு. இன்னொன்றும் கேட்கிறார்: பெண்ணால் இயல்பாகவே முடியாத வேலைக்குத் தடை எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பலர் இங்கே நிற்காமல் நான்காம் அத்தியாயத்தில் வரும், சமத்துவத்தால் சமூகத்துக்கு என்ன நன்மை என்ற கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால்தான் வாதம் மெலிந்து தெரிகிறது.

பதில் 2:
அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். மணமானதும் மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கு. பிள்ளைகளும் சட்டப்படி அவனுடையவர்களே. சொத்துரிமை 1870, 1882 சட்டங்களில்தான் படிப்படியாக வந்தது. 1867-இல் வாக்குரிமை மசோதாவில் ‘ஆண்’ என்ற சொல்லை ‘நபர்’ என்று மாற்ற நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மில் கொண்டுவந்த திருத்தம், ஆதரவு 73, எதிர்ப்பு 196 வாக்குகள் என்று தோற்றது.

பதில் 3:
பலவீனமான இடம் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவு. மணம் செய்யும் பெண் இல்லப் பொறுப்பையே தொழிலாகத் தேர்கிறாள் என்கிறார். மில்லின் மனைவி ஹாரியட் டெய்லர், பெண்களின் வாக்குரிமை பற்றிய 1851 கட்டுரையிலேயே, மனைவிக்கும் சொந்த வருமானம் வேண்டும் என்று உறுதியாக எழுதிவிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.