புல்மோட்டை மணலில் ஒளிமின்வாய்: நடக்கிற காரியமா?

உப்புவெளி டீச்சர்:
உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "புல்மோட்டை மணலைக் கப்பலில் ஏற்றுவதைத் தவிர இங்கே ஒன்றும் செய்ய ஏலாதா?" திருகோணமலை மாவட்டக் கரையிலுள்ள அந்த மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் இருக்கின்றன, இரண்டும் தைத்தேனியக் கனியங்கள். ரூட்டைல் என்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. 1972இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டியது ரூட்டைல் ஒளிமின்வாயில்தான், அதாவது ஒளி பட்டால் வேலை செய்யும் மின்வாயில். ஒளி பட்டதும் இலத்திரன் கிளம்பும், அது விட்ட துளை நீரிலிருந்து இன்னோர் இலத்திரனைப் பறிக்கும். கிளம்பியது கம்பி வழியே போய் மறு மின்வாயில் ஐதரசனைத் தரும். மின்சாரத்தால் மட்டும் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ற்று வேண்டும். ஒளி சேர்ந்தால் வெளியிலிருந்து சிறிதளவு கொடுத்தால் போதும். திருகோணமலையில் வெயிலுக்குப் பஞ்சமா?

சீனக்குடா சோலார்:
டீச்சர், கணக்கு இடிக்குது. தைத்தேனியம் ஈரொட்சைட்டு புறஊதாவை மட்டும்தான் உறிஞ்சும். வெயிலில் அது ஏறக்குறைய 5 சதவீதம். நான் கூரைகளில் பூட்டும் தகடுகள் 20 சதவீதத்தை மின்சாரமாக்குகின்றன. தகடு கூரையில், அந்த மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் மின்பகுப்புத் தொட்டி நிழலில். எது பழுதோ அதை மட்டும் கழற்றலாம். உங்கள் முறையில் ஒளி வாங்கும் பொருளே கரைசலில் ஊறுகிறது. அரித்தால் எல்லாம் போச்சு.

உப்புவெளி டீச்சர்:
தம்பி, தைத்தேனியம் ஈரொட்சைட்டு இலேசில் அரிக்காது. வெயிலை நன்றாக வாங்கும் பொருட்கள்தான் பெரும்பாலும் அரிக்கும். அந்த இழுபறி உண்மை.

புல்மோட்டையான்:
மணலைத் தூய வெள்ளைத் தூளாக, அதாவது தைத்தேனியம் ஈரொட்சைட்டாக, மாற்றுவதை ஏன் ஒருவரும் பேசவில்லை? இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைக்கும் முறையில் இரும்புச் சல்பேற்று கழிவாகக் குவியும். அது எங்கள் கரையில் கிடந்தால் இதைச் சுத்தமான இரசாயனம் என்று சொல்லலாமா?

உப்புவெளி டீச்சர்:
அது நியாயம். ஆலை வேண்டாம், பரிசோதனைக்கு ஒரு கைப்பிடி தூள் போதும். ஐதரசனில் தகடும் தொட்டியும் மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிவுநீரைப் பாருங்கள். தூளும் ஒளியும் மட்டும் என்றால் இலத்திரனும் துளையும் மறுபடி சேர்ந்து ஒளி வீணாகும். தூளை மின்வாயில் பூசிச் சிறு மின்னழுத்தம் கொடுத்தால் இலத்திரன் விலகிப்போகும், துளை நின்று அழுக்கை உடைக்கும். 1993இல் வினோத்கோபால், கமத் ஆகியோர் 4-குளோரோபீனோல் என்ற நச்சு மாசில் இதைக் காட்டினார்கள். இங்கே ஒளியும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று தேவை. பற்றிக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) சாயத் தண்ணீருக்கு இதைச் செய்யலாம்.

சீனக்குடா சோலார்:
என் அக்கா பற்றிக் செய்கிறவ. சாயம் பிடிக்கத் தொட்டியில் கறியுப்புப் போடுவா. அந்தத் தண்ணீரில் மின்வாயை வைத்தால் குளோரைட்டிலிருந்து குளோரின் வரும். அது சாயத்தோடு சேர்ந்தால் முன்னிருந்ததை விட நஞ்சான சேர்வைகள் உண்டாகலாம்.

உப்புவெளி டீச்சர்:
அதை நான் யோசிக்கவில்லை. கறியுப்புக்குப் பதிலாகக் கிளோபர் உப்புப் போடச் சொல்லுங்கோ. அது சோடியம் சல்பேற்று, பருத்திச் சாயமிடலில் வழக்கமாகப் பயன்படுத்துவது, குளோரின் வராது. இரண்டு வகைத் தண்ணீரிலும் ஒவ்வொரு போத்தல் கொண்டு வாங்கோ.

சீனக்குடா சோலார்:
சனிக்கிழமை கொண்டு வாறன். குளோரின் மணந்தால் உடனே நிறுத்த வேண்டும், சரியா?