ஜெட் எஞ்சின் கணினி செத்தால் மாற்று என்ன?

கேள்வி: பலாலியில் விமானம் இறங்குவதைப் பார்த்தபோது வந்த யோசனை. எரிபொருளைக் கணினிதான் அளக்கிறதாம், அது செத்தால் பழையபடி கம்பி இழுத்து ஓட்டலாமா அண்ணை?

பதில் 1: இல்லைத் தம்பி, ஃபேடெக் (எஞ்சினை முழுவதும் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள பயணிகள் விமானத்தில் கம்பியே கிடையாது. ஒரு பெட்டிக்குள் இரண்டு சானல், அதாவது தனித்தனியாக இயங்கும் இரண்டு கணினிப் பகுதிகள், ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். அதற்கான மின்சாரமும் எஞ்சின் சுழற்றும் தனி ஆல்டர்னேட்டரிலிருந்தே வருகிறது, ஆகவே விமானத்தில் கரண்ட் போனாலும் (எங்கள் ஊரில் போவதுபோல) எஞ்சின் ஓடும்.

பதில் 2: இரண்டிலும் ஒரே மென்பொருள் என்றால் ஒரே பிழை இரண்டையும் கவிழ்க்காதா? ஒற்றை எஞ்சின் எஃப்-16 போர் விமானத்தில் ஹைட்ரோமெக்கானிக்கல் (திரவ அழுத்தத்தில் இயங்கும் இயந்திர) மாற்று உண்டே. அந்த மாற்றில் ஓடும்போது ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் பகுதி) வேலை செய்யாது, ஆனால் வீடு வந்து சேரலாம்.

பதில் 1: அது சரி. ஆனால் பயணிகள் விமானத்தில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி ஃபேடெக். கனமான இயந்திர மாற்றைச் சுமப்பதைவிட மென்பொருளைக் கசக்கிப் பிழிந்து சோதிப்பதே மேல்.