செஸ்னா 172-க்கு வினைல் ஒட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டெக்ஸாஸில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்றை வைத்திருக்கிறோம். பெயின்ட் பல இடங்களில் உரிகிறது. அதைச் சுரண்டிப் புதிதாக அடிக்கச் செலவு அதிகம். பெயின்டுக்குப் பதிலாக மேலே ஒட்டும் வினைல் ஃபிலிம் போதும் என்கிறார்கள் மற்ற மூவரும். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

ஃபிலிம் மெல்லியதுதான், 0.1 மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் எய்லரான், எலிவேட்டர், ரடர் என்று இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகங்களில் கீலுக்குப் பின்னால் எடை கூடினால் ஃபிளட்டர், அதாவது கட்டுக்கடங்காத அதிர்வு, வரலாம். பெயின்ட் அடித்தாலும் பேலன்ஸ் பார்க்கிறார்கள். வினைலுக்கும் பார்த்தீர்களா, அல்லது அந்தப் பாகங்களை விட்டுவிட்டீர்களா?

ஸ்டாட்டிக் போர்ட்டை, அதாவது உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் துளையை, நினைத்தாலே பயம். 1996-இல் பெருவில், கழுவும்போது அதன்மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டதால் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டு வெட்டினீர்கள்?

அப்புறம், ரிவெட் தலைகளில் ஃபிலிம் தூக்குகிறதா? அடியில் அலுமினியம் அரித்தால் எப்படித் தெரியும்? திறந்த வெளியில் நிறுத்துகிறோம், வெயில் கடுமை. சில வருடம் கழித்து உரித்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது. வருடாந்தரப் பரிசோதனைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.