‘புளூமிங்’ என்பதற்குச் ‘சுண்ணப் பூப்பு’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த் முதியோருக்கான இதயநோய்க் கையேட்டில், சி.டி. ஆஞ்சியோகிராமில் (இதயத் தமனிகளைக் காட்டும் ஊடுகதிர்ப் படச்சோதனையில்) சுண்ணப் (கால்சியம்) படிவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் ‘புளூமிங்’ என்னும் படக்கோளாறுக்குச் ‘சுண்ணப் பூப்பு’ என்ற சொல்லைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர் முன்மொழிந்திருந்தார். சொல் அழகானதுதான், ஆயினும் என்னால் ஏற்க இயலவில்லை.

பூப்பு என்றதும் பெண் வயதுக்கு வருவதே நம் வீடுகளில் நினைவுக்கு வரும் என்பது சிறிய தடை. பெரிய தடை வேறு. சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்றால் உப்பு உண்மையாகவே வெளிவந்து படிந்திருக்கிறது. புளூமிங்கிலோ புதிதாக எதுவும் படிவதில்லை. இதயத் தமனிகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அகலமே உடையவை. கருவி பிரித்தறியும் அளவோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆகவே அடர்த்தி மிகுந்த சுண்ணத் துணுக்கு அண்டைப் படப்புள்ளிகளிலும் கசிந்து, தன் அளவைவிடப் பெரிதாகத் தெரிந்து, மிதமான அடைப்பையும் கடுமையானதாகக் காட்டிவிடும். சி.டி. படம் நேரே எடுத்த நிழற்படமன்று. பல கோணங்களில் ஊடுகதிர் உடலைக் கடக்கையில் வலுக்குறைவதை அளந்து கணித்தெடுப்பது.

இதன் விளைவு சிறிதன்று. சி.டி. ஆஞ்சியோகிராமின் துல்லியத்தை அளந்து 2008இல் வெளிவந்த ‘அக்யுரசி’ ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட அடைப்பு உள்ளவர்களுள் 95 விழுக்காட்டினரை இச்சோதனை கண்டுபிடித்தது. அடைப்பில்லை என்று சொன்னபோது 99 விழுக்காடு சரியாக இருந்தது. அடைப்பு உண்டு என்று சொன்னபோதோ 64 விழுக்காடே சரி. சுண்ண மதிப்பெண் (தமனிகளில் படிந்த சுண்ணத்தின் அளவுக்குறி) 400ஐத் தாண்டியவர்களிடம், நோயற்றவரை நோயற்றவர் என்று சொல்லும் திறன் 86இலிருந்து 53 விழுக்காடாக இறங்கியது. நீரிழிவு மலிந்த நம் முதியோரிடம் சுண்ணப் படிவு பொதுவானது என்பதால், இக்குறையை விளக்கும் சொல் அவர்களை அச்சுறுத்தக் கூடாது.

‘சுண்ண’ என்னும் அடையும் வேண்டாம். தமனியை விரித்து வைக்கும் உலோகக் குழலான ஸ்டென்ட்டும் இவ்வாறே பெருத்துத் தெரியும், மூன்று மில்லிமீட்டருக்குக் குறுகியதில் உட்புறத்தைப் படிப்பதே கடினம்.

எனவே புளூமிங்குக்கு ‘மிகைத்தோற்றம்’ என முன்மொழிகிறேன். படத்தில் உள்ளபடி அல்லாமல் தெரியும் எதையும் குறிக்கும் ஆர்ட்டிஃபேக்ட் என்னும் பொதுப்பெயருக்கு ஏற்கெனவே பேசிய ‘பொய்த்தோற்றம்’ இருக்கட்டும். இதயத்துடிப்பு விரைவதால் வரும் ‘அசைவுக் கலங்கல்’ அதன் இன்னொரு வகை. கையேட்டில் வாக்கியம் இவ்வாறு அமையலாம்: “மிகைத்தோற்றத்தால் அடைப்பு கூடுதலாகத் தெரியக்கூடும், ஆகவே மருத்துவர் வேறு சோதனையும் கேட்கலாம்.” மறுப்பிருப்பின் அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.