எலிக்கு ஒரே தடவை ஸ்ட்ரெஸ்: ஒரு வாரம் கழித்துக் கார்ட்டிகோஸ்டிரோன் (ஸ்ட்ரெஸ் ஹார்மோன்) சாதாரணம் என்றால் பாதிப்பு இல்லையா?

கிளமெண்டி_லேப்:
வணக்கம். ஆண் எலிகளை ஒரே தடவை 2 மணி நேரம் அசையவிடாமல் கட்டிவைத்தோம். 7 நாள் கழித்து, ஐசோஃபுளூரேன் மயக்கத்தில் ரத்தம் எடுத்தோம். கார்ட்டிகோஸ்டிரோன் கன்ட்ரோல் குழுவில் (கட்டாத எலிகளில்) இருக்கும் அளவுதான். ‘நீடித்த பாதிப்பு இல்லை’ என்று அறிக்கையில் எழுதலாமா?

சுரப்பியியல்:
எழுதாதீங்க. ஓய்வுநிலை அளவு சில நாளிலேயே பழைய இடத்துக்கு வந்துவிடும். மிஞ்சி நிற்கும் மாற்றம் அடுத்த ஸ்ட்ரெஸ் வரும்போதுதான் வெளியே தெரியும். அதே எலிகளை மறுபடி கட்டினால், முன்பு கட்டுப்பட்டவற்றில் ஹார்மோன் சீக்கிரம் இறங்கும். உச்சம் இரண்டு குழுவிலும் ஒன்றாகவே இருக்கலாம், அதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீங்க. அவிழ்த்த உடனே ஒரு மாதிரி, பிறகு 45, 90 நிமிடத்தில் ஒவ்வொன்று. வித்தியாசம் பெரும்பாலும் பின்னிரண்டில்தான் கிடைக்கும். ஏசிடிஎச்சையும் (அட்ரினல் சுரப்பியைக் கார்ட்டிகோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) கட்டாயம் அளங்க. கடுமையான ஸ்ட்ரெஸில் அட்ரினல் தன் எல்லையைத் தொட்டுவிடும்; அதற்குமேல் ஏசிடிஎச் ஏறினாலும் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறாது.

வால்நுனி:
ரத்தம் எடுத்த முறையே எனக்கு உறுத்துகிறது. ஐசோஃபுளூரேனே கார்ட்டிகோஸ்டிரோனை ஏற்றும். மயக்கம் வேண்டாம், வால் நுனியில் சின்ன வெட்டு, 200 மைக்ரோலிட்டர் போதும். கூண்டைத் தொட்டதிலிருந்து 3 நிமிடத்துக்குள் முடியணும். ஒரே கூண்டில் இரண்டு எலி இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுங்க, இல்லாவிட்டால் காத்திருக்கும் எலிக்கு அளவு ஏறியிருக்கும். விளக்கு எரிந்த முதல் சில மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, இருட்டும் நேரம் நெருங்க அளவு இயல்பாகவே உயரும். கூண்டு மாற்றும் நாளும் பக்கத்தில் பைலிங் வேலை (கட்டடத்துக்குத் தூண் இறக்குவது) நடக்கும் நாளும் வேண்டாம்.

ஏசிடிஎச்சுக்கு, ஐஸில் வைத்த, இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) போட்ட பிளாஸ்டிக் குழாய். கண்ணாடி என்றால் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே பிரியும் பிளாஸ்மாவை உடனே மைனஸ் 80-க்கு அனுப்பிடுங்க.

கிளமெண்டி_லேப்:
நன்றி. அதே எலிகளை முதலில் புதிய பெட்டியில் விட்டுப் பார்த்து, பிறகு கட்டலாமா?

சுரப்பியியல்:
கூடாது. புதிய பெட்டி போன்ற பழக்கமில்லாத இலேசான ஸ்ட்ரெஸுக்கு எதிர்வினை சில நாள் வரை கூடலாம். அதே ஸ்ட்ரெஸுக்கோ குறையும். எதிரெதிர்த் திசை என்பதால் ஒரே எலியில் கலந்தால் பிரிக்கவே முடியாது. தனித்தனி எலிகள் வேண்டும், நான்கு குழு: முன்பு கட்டியவை, கட்டாதவை; ஒவ்வொன்றிலும் பாதி புதிய பெட்டிக்கு, பாதி கட்டுவதற்கு. மறுபடி கட்டுவது அனுமதி பெற்ற திட்டத்தில் இல்லையென்றால், விலங்கு ஆய்வுக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பி ஒப்புதல் வந்தபிறகே தொடங்குங்க. 300 கிராம் எலிக்கு மொத்த ரத்தமே சுமார் 19 மி.லி.; இரண்டு வாரத்தில் அதில் 10 விழுக்காட்டைத் தாண்டாதீங்க. கட்டும் வேலையை வேறு அறையில் வைங்க: அந்த வாசனையும் சத்தமும் பட்டாலே கன்ட்ரோல் குழுவுக்கும் ஹார்மோன் ஏறிவிடும்.