எப்ஸ்டீன்-பார் வைரஸும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும்

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) இருப்பது சென்ற மாதம் உறுதியானது. பதினேழு வயதில் கழுத்தில் நெறி கட்டி, மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தாள். இப்படிப்பட்ட காய்ச்சலை உண்டாக்கக்கூடிய, பெரியவர்களில் ஏறத்தாழ எல்லோரையும் தொற்றியிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸை இந்நோய்க்குக் காரணம் என்று எப்படி நிறுவினார்கள்?

மறுமொழி 1: தொற்றாதவர்களைத் தேடிப் பிடித்ததில்தான் அந்த ஆய்வின் அருமை இருக்கிறது. அமெரிக்கப் படைவீரர்களிடம் எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எடுத்துச் சேமித்திருந்த ரத்தச் சீரத்தை ஆராய்ந்த ஹார்வர்ட் குழு, 2022இல் முடிவுகளை வெளியிட்டது. நோயுற்ற 801 பேரில் 35 பேருக்கு முதல் மாதிரியில் தொற்று இல்லை. அவர்களில் 34 பேரை நோய் தொடங்குமுன்பே வைரஸ் தொற்றிவிட்டது. தொற்றுக்குப் பின் நோய் வரும் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. நரம்பிழை சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் புரதமும் தொற்றுக்குப் பிறகே கூடியது என்பதுதான் என்னை நம்ப வைத்தது.

மறுமொழி 2: அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் குழு, நோயாளிகளின் தண்டுவட நீரிலிருந்த பி செல்களை (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்களை) ஆராய்ந்து, வைரஸின் புரதம் ஒன்றைப் பற்றும் எதிர்ப்பொருள் மூளையின் கிளியல்கேம் புரதத்தையும் பற்றுவதைக் காட்டியது. பி செல்களைக் குறைக்கும் ஒக்ரிலிசுமாப் என்ற மருந்து இந்நோய்க்குப் பலனளிப்பது இதனோடு பொருந்துகிறது. ஆயினும், தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருவதால், மரபணு உள்ளிட்ட பிற காரணங்களும் சேர வேண்டியிருக்கிறது. தங்கையின் பழைய காய்ச்சலை நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.